வீட்டு வாடகை முன்பணம்: சட்டமும் வழக்கமும்

வாடகை முன்பணம் என்பது வீட்டையோ கடையையோ வாடகைக்கு எடுப்பவர் குடியேறுமுன் உரிமையாளரிடம் ஒப்படைத்து, காலி செய்யும்போது திரும்பப் பெற வேண்டிய தொகை ஆகும். பேச்சு வழக்கில் இது ‘அட்வான்ஸ்’ எனப்படுகிறது. வாடகை பாக்கிக்கும் வீட்டுக்கு நேரும் சேதத்துக்கும் ஈடாக இது உரிமையாளரிடம் இருக்கும். பணம் அவர் கையில் இருந்தாலும் அது வாடகைதாரருடைய பணமே.

தமிழ்நாட்டில் இத்தொகையின் வரலாறு சற்று விசித்திரமானது. பல பத்தாண்டுகள் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அதே காலத்தில் பல ஊர்களில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று வாங்கப்பட்டது. சட்டம் இருந்தும் வாடகைதாரரின் பணம் ஏன் பாதுகாப்பாக இல்லை என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.

பெயரும் பொருளும்

‘அட்வான்ஸ்’ என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு தொகைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. வீட்டைப் பார்த்துப் பிடித்தவுடன் வேறு யாருக்கும் விடாமலிருக்கக் கொடுக்கும் சிறு தொகை ‘டோக்கன் அட்வான்ஸ்’. மாதம் தொடங்கும்போதே கொடுக்கும் அந்த மாதத்தின் வாடகை முன்வாடகை. காலி செய்யும்போது திரும்ப வர வேண்டியதே முன்பணம் அல்லது காப்புத்தொகை. கைமாறும் பணம் இவற்றுள் எது என்று எழுதாமல் விடுவதிலிருந்தே பெரும்பாலான தகராறுகள் தொடங்குகின்றன.

ஒத்தியும் போக்கியமும்

முன்பணத்துக்கு மிக நெருங்கிய பழைய உறவு ஒத்தி ஆகும். தென் மாவட்டங்களில் ‘ஒத்தி’ என்றும் வேறு சில பகுதிகளில் ‘போக்கியம்’ என்றும் வழங்கும் இம்முறையில் மாத வாடகை கிடையாது. குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து வீட்டில் குடியிருப்பார். தவணை முடிந்ததும் அதே தொகையை வாங்கிக்கொண்டு வீட்டைத் திருப்பித் தருவார். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை என்பது இதன் கணக்கு.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் அனுபவ அடமானத்தை ஒரு தனி வகையாக ஏற்கிறது. முறையாக எழுதப்பட்ட ஒத்தி இவ்வகையில் அடங்கும். இதில் பணம் கொடுத்தவருக்கு ஒரு வலுவான பிடி உண்டு. பணம் திரும்பி வரும்வரை சொத்தைத் தம் வசம் வைத்திருக்க அவருக்கு உரிமை உள்ளது. ஆனால் அடமானத் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு கூறுகிறது. வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் ஒத்திக்கு இந்த வலு கிடைப்பதில்லை.

மாத வாடகையும் முன்பணமும் சேர்ந்த முறையில் இந்தப் பிடியே இல்லை. வாடகைக் காலம் முடிந்தபின் ‘அட்வான்ஸைக் கொடுத்தால்தான் சாவி’ என்று உட்கார்ந்திருப்பவர், கூடுதல் இழப்பீடு கட்ட வேண்டிய நிலைக்கு ஆளாகலாம். ஒத்தியில் இருந்த பிடி போய்விட்டது. பணத்தை முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

போர்க்காலக் கட்டுப்பாடு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941இல் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. போர் முடிந்தபின்னும் பஞ்சம் தீரவில்லை. எனவே 1946இல் சென்னைக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1949இல் ஒரு சட்டமும், பின்னர் நீண்ட காலம் நடைமுறையில் இருந்த 1960ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன.

வாடகைக்கு உச்சவரம்பு வைத்தால் உரிமையாளர் வேறு பெயரில் பணம் கேட்பார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தனர். இந்தியாவின் பிற நகரங்களில் அதற்குத் தனிப் பெயர்களே இருந்தன. பம்பாயில் அது ‘பகடி’, கல்கத்தாவில் ‘சலாமி’. பம்பாயில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தொகையைத் தடை செய்தும் வழக்கம் ஒழியவில்லை. கடைசியில் 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதைச் சட்டப்படி செல்லும் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது.

கடல் கடந்தும் இதே கதைதான். தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்ற முஸ்லிம் குடும்பங்கள் பல தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறின. 1941இல் அங்கு சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வாடகை உயரவில்லை, ஆனால் வீடு கிடைக்க ‘தேநீர்ப் பணம்’ என்ற பெயரில் தனித்தொகை கேட்கும் வழக்கம் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பரவலாக இருந்தது. அந்தக் கட்டுப்பாடு 2001இல் முற்றிலும் நீக்கப்பட்டது.

1960: ஒரு மாத விதி

1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் சென்னை, மதுரை நகரங்களுக்கும் மாநிலத்தின் நகராட்சிகளுக்கும் பொருந்தியது. அதன் 7ஆம் பிரிவு, பேசிய வாடகைக்கு மேல் வேறெந்தத் தொகையும் வாங்கக் கூடாது என்றது. விதிவிலக்காக ஒரு மாத வாடகைக்கு மிகாத தொகையை முன்பணமாகப் பெறலாம். அதற்கு மேல் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது வாடகைதாரர் விரும்பினால் வாடகையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

விதி தெளிவாக இருந்தது. ஆனால் வீடு தேடி அலையும் ஒருவர் ‘சட்டப்படி ஒரு மாதம்தான் தருவேன்’ என்று சொன்னால் அந்த வீடு அடுத்தவருக்குப் போய்விடும். எனவே கேட்டதைக் கொடுத்தார்கள். விதியின் எதிர்பாராத விளைவு இங்கேதான் நிகழ்ந்தது. பத்து மாத முன்பணம் சட்டத்துக்குப் புறம்பானது என்பதால், அதை எழுத்தில் கொடுக்க உரிமையாளர் தயங்கினார். பணம் ரொக்கமாகக் கைமாறியது. ரசீது இல்லை, அல்லது ஒரு பகுதிக்கு மட்டும் ரசீது. வாடகைதாரரைக் காக்க வந்த தடை, அவரிடம் இருக்க வேண்டிய சான்றையே அவரிடமிருந்து பறித்துவிட்டது.

இன்னொரு பழக்கமும் இதனுடன் சேர்ந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் விதி. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க 11 மாத ஒப்பந்தம் எழுதும் வழக்கம் நிலைத்தது. பல குடும்பங்கள் 11 மாதத் தாளை ஒருமுறை எழுதி, புதுப்பிக்காமலே ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில் குடியிருந்தன.

நீதிமன்றங்கள் சொன்னவை

1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அதன் பாதுகாப்பு இல்லை. கடைகளுக்கு இத்தகைய வரம்பு இல்லாதபோது வீடுகளுக்கு மட்டும் வைப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் அந்த விலக்கை ரத்து செய்தது.

1989இல் வந்த இன்னொரு தீர்ப்பு முன்பணத்தை நேரடியாகத் தொட்டது. முன்பு சென்னை மாகாணத்தில் இருந்த கூடூரின் மாடர்ன் ஹோட்டல் தொடர்பான வழக்கு அது. ஆந்திரத்தின் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலும் ஒரு மாத முன்பண விதி இருந்தது. வாடகை பாக்கி வைத்ததாகக் கூறி உரிமையாளர் வெளியேற்றக் கோரினார். வரம்புக்கு மேல் வாங்கிய முன்பணம் உரிமையாளர் கையிலேயே இருக்கும்போது, வாடகைதாரர் வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று கூற முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு தரும் பாடம் ஒன்றுண்டு. வரம்பு மீறிய முன்பணம்கூட வாடகைதாரருக்குக் கேடயமாக நின்றது. ஆனால் அந்தப் பணம் கொடுக்கப்பட்டது என்பது நிலைநாட்டப்பட்டதால்தான் நின்றது.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

தமிழ்நாடு அரசு 2017இல் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் புதிய சட்டத்தை (2017ஆம் ஆண்டின் 42ஆம் சட்டம்) இயற்றியது. இது 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. நகர்ப்புறங்களுக்கான இச்சட்டத்தில் முன்பணத்தைப் பொறுத்தவரை முக்கியமானவை இவை:

1. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது.

2. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

3. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அது வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட்டு, அதற்கு ஒரு பதிவு எண் வழங்கப்படும். வாடகை அதிகாரி, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்.

4. எந்தப் பழுது யார் பொறுப்பு என்பது சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பட்டியலிடப்பட்டுள்ளது.

முதல் விதியில் ‘வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் என்று இருவரும் கையெழுத்திட்டால் ஆறு மாதமும் செல்லும். இது ஒரு தளர்வுதான். எனினும் பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் ஓர் ஆதாயமும் உண்டு. கூடுதல் தொகையை மறைக்க வேண்டிய காரணம் உரிமையாளருக்கு இப்போது இல்லை. முழுத் தொகையையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி வாடகைதாரர் தயங்காமல் கேட்கலாம்.

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வீடுகளுக்கு இரண்டு மாதமும் மற்றக் கட்டடங்களுக்கு ஆறு மாதமும் உச்சவரம்பாக வைத்தது. அது மாநிலங்களுக்கான மாதிரி மட்டுமே. தமிழ்நாட்டில் மாநிலச் சட்டமே பொருந்தும்.

வெள்ளையடிப்பது யார் செலவு?

காலி செய்யும்போது ‘பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை’ என்று முன்பணத்தில் கழிப்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைத்துள்ளது. கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவையும் அவருடையவையே. குழாய்த் திருகு, வாஷர், சுவிட்சு, பூட்டு, சன்னல் கண்ணாடி, கழிப்பறை, சமையலறைச் சாமான்களின் பழுது, சாக்கடை அடைப்பு ஆகியவை வாடகைதாரரின் பொறுப்பு.

ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ள இடமுண்டு. ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடிக்கப்படும்’ என்ற வரியில் கையெழுத்திட்டபின் அட்டவணையைக் காட்டி வாதிடுவது கடினம். எனவே கேட்க வேண்டிய நேரம் வீட்டைக் காலி செய்யும் நாளல்ல, கையெழுத்திடும் நாள்.

இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்பது 1882ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள கொள்கை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களில் இது மிகவும் பொருந்தும். கடையநல்லூரிலும் தென்காசியிலும் சாரல் காலத்தில் சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்தால், அது குடியிருப்பவரின் குற்றமல்ல. அதே வேளையில், தறி போடுவதற்காகத் தரையைத் தோண்டினால், அதை இயல்பான தேய்மானம் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும்.

பணம் யார் கையில்?

பிற நாடுகள் இச்சிக்கலை வேறு கோணத்தில் அணுகின. எவ்வளவு வாங்கலாம் என்பதோடு, அதை யார் வைத்திருப்பது என்றும் கேட்டன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1977இல் ஒரு சட்டம் இயற்றி, காப்புத்தொகையை அரசு வாரியத்திடம் செலுத்தச் செய்தது. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி 2007 ஏப்ரல் 6 முதல் காப்புத்தொகையை அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் பாதுகாக்க வேண்டும். தவறும் உரிமையாளர் அத்தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை வாடகைதாரருக்குத் தர வேண்டியிருக்கும். தகராறு வந்தால் பணத்தைப் பிடித்துவைத்திருக்கும் தரப்பே நீதிபதியாகவும் இருக்கும் நிலை அங்கு இல்லை.

தென் கொரியா மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்குள்ள ‘ஜியோன்சே’ முறை நம் ஒத்தியைப் போன்றது. வீட்டு விலையின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருப்பர். வீட்டு விலை சரிந்தபோது, ஒருவர் பணத்தை வாங்கி அடுத்த வீட்டில் போட்டிருந்த உரிமையாளர்களால் திருப்பித் தர முடியவில்லை. மோசடிகளும் வெளிவந்தன. பாதிக்கப்பட்டோருக்காக 2023இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

தமிழ்நாட்டில் பணம் இன்றும் உரிமையாளர் கையில்தான் இருக்கிறது. எனவே இங்கு வாடகைதாரருக்குள்ள முதன்மையான பாதுகாப்பு சான்றுகளே.

ஒரு கணக்கு

கடையநல்லூரில் மாதம் 6,000 ரூபாய் வாடகையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் பத்து மாதம், அதாவது 60,000 ரூபாய். அதே பணம் 6 விழுக்காடு வட்டியில் வங்கியில் இருந்தால் ஆண்டுக்கு 3,600 ரூபாய், மாதத்துக்கு 300 ரூபாய் கிடைக்கும். ஆகவே அந்த வீட்டின் உண்மையான வாடகை 6,300 ரூபாய். மூன்று மாத முன்பணமான 18,000 ரூபாய் என்றால் இந்த மறைமுக வாடகை மாதம் 90 ரூபாயாகக் குறையும். வாடகை பேசும்போது முன்பணத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

வட்டியைவிடப் பெரிய சுமை வேறொன்று. வீடு மாறும் குடும்பம் புதிய வீட்டுக்கு முன்பணம் கொடுத்தால்தான் குடியேற முடியும். பழைய முன்பணமோ காலி செய்தபின்தான் வரும். சட்டமே ஒரு மாதம் அவகாசம் தருகிறது. இடைப்பட்ட நாட்களில் இரு முன்பணங்களுக்கும் சேர்த்துக் குடும்பம் ஈடுகொடுக்க வேண்டும். இடமாறுதல் பெற்ற ஊழியரும் தினக்கூலிக் குடும்பங்களும் நகையை அடகு வைப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். இதைக் குறைக்க, காலி செய்யும் நாளிலேயே கணக்கு முடித்துப் பணம் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

குடியேறும்போது கவனிக்க வேண்டியவை

முதலில், பணம் வாங்குபவர் வீட்டின் உரிமையாளர்தானா என்று பார்க்க வேண்டும். சொத்துவரி ரசீது, மின் கட்டண அட்டை ஆகியவற்றில் உள்ள பெயரைப் பார்க்கலாம். கடையநல்லூர் போன்ற ஊர்களில் உரிமையாளர் வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ இருக்க, அவருடைய உறவினர் வீட்டைப் பார்த்துக்கொள்வது இயல்பு. அப்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திட உறவினருக்கு அதிகாரப் பத்திரம் உள்ளதா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. முன்பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது நல்லது.

ஒத்திக்கு வீடு எடுப்பவர் வில்லங்கச் சான்று கட்டாயம் பார்க்க வேண்டும். வங்கிக் கடன் ஏற்கெனவே இருந்தால் அந்தக் கடனே முதலில் நிற்கும். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்வதற்கு ஆகும் செலவு, போகக்கூடிய முழுத் தொகையோடு ஒப்பிட்டால் சிறியது.

ஒப்பந்தத்தில் முன்பணத்தின் முழுத் தொகை, கொடுத்த தேதி, கொடுத்த முறை, திருப்பித் தரும் கெடு, எவற்றைக் கழிக்கலாம் என்பன எண்ணிலும் எழுத்திலும் இருக்க வேண்டும். சாமான் ஏற்றுமுன் காலி வீட்டின் ஒவ்வோர் அறையையும் தேதியுடன் படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்ப வேண்டும். மின் அளவி காட்டும் எண்ணையும் ஏற்கெனவே உள்ள விரிசல், ஓதம், உடைந்த ஓடு ஆகியவற்றையும் ஒரு தாளில் குறித்து இருவரும் கையெழுத்திடலாம்.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் சொன்ன கால அளவுக்கு முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கடைசி மாதங்களின் வாடகையை ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று தாமாகவே நிறுத்திவிடுவது பாக்கியாகக் கருதப்படலாம். கழிப்பதாக இருந்தால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். மின் கட்டணம் முழுவதையும் கட்டிய ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். சாவியை ஒப்படைத்த தேதியை ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாதக் கெடு அன்றிலிருந்துதான் கணக்காகும். கழித்த தொகைக்குப் பட்டியலும், செய்த வேலைக்குப் பில்லும் கேட்கலாம். தராவிட்டால் முதலில் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம், அதன்பின் சட்ட அறிவிப்பு என்பது முறை.

குற்றாலத்தில் சீசனுக்கு எடுக்கும் அறைகளுக்கு இந்தச் சட்டம் உதவாது. விடுதிகளும் சத்திரங்களும் இதன் எல்லைக்கு வெளியே உள்ளன. அங்கு கொடுக்கும் முன்தொகைக்கு ரசீதே துணை.

ஆறு பத்தாண்டுகளுக்குமேல் சட்டங்கள் மாறியும், பணத்தைத் திரும்பப் பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று பார்த்தால் வேறுபாடு பெரும்பாலும் ஒரு தாளில்தான் இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் நாளில் வீட்டுக்காரரும் குடிவருபவரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள். அந்த நாளிலேயே எழுதிக்கொள்வது, பிரியும் நாளிலும் இருவரும் முகம் பார்த்துப் பேச வழி செய்யும்.